மூன்று பாடங்களுக்கு நடுவே நின்ற ஒரு கேள்வி
பிளஸ் டூ உயிரியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

திருப்புதல் தேர்வுகள் நெருக்குகிற நேரம். மேசையின் ஒருபக்கம் தாவரவியல், மறுபக்கம் விலங்கியல். இதற்கு 35, அதற்கு 35, ஆக 70 மதிப்பெண். மரபியலைக் கணக்குப் போலப் போட்டுப் பழகு, பரிணாமத்தில் பெயரையும் ஆண்டையும் நெட்டுருப் போடு, சூழியலைக் கடைசி நாளில் கதை மாதிரி வாசித்துக்கொள் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் உயிரியல் நடத்திய நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அது தவறு என்று எனக்குப் புரிவதற்குள் பல வகுப்புகள் என்னைக் கடந்து போய்விட்டன. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

அப்போது நான் நீலகிரி மாவட்டத்தில், கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். மரபியல் பாடத்தில் கதிர் அரிவாள் இரத்தசோகை வந்தது. ஒரு திடீர் மாற்றம், ஓர் ஒடுங்கு அல்லீல், இரண்டு சேர்ந்தால் நோய் என்று கரும்பலகையில் எழுதி முடித்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தம்பிக்கு அந்த நோய் இருந்தது. கை கால் மூட்டெல்லாம் வலிக்கிறது என்று அவன் பள்ளிக்கு வராத நாள்களே அதிகம். "சார், இவ்வளவு கெடுதல் பண்ற ஜீனை இயற்கைத் தேர்வு ஏன் இன்னும் விட்டு வெச்சிருக்கு?" என்று கேட்டாள்.

"அது பரிணாமத்துல வரும்மா, உட்காரு" என்றேன்.

பரிணாமப் பாடம் வந்தது. அந்துப்பூச்சியையும் டார்வினின் குருவிகளையும் நடத்தினேன். அவள் கேட்டது நினைவுக்கு வரவில்லை. சூழியல் வந்தபோது செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது, ஓட்டமாக ஓட்டி முடித்தேன். அவளும் தேர்வு எழுதிப் போய்விட்டாள். அவளுடைய கேள்வி மூன்று பாடங்களுக்கும் நடுவே நின்றது. நான் ஒவ்வொரு பாடமாகப் பிரித்து நடத்தியதால், அதற்கு எந்தப் பாடத்திலும் இடம் கிடைக்கவில்லை.

அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். பொறுமையாக வாசியுங்கள். மூன்று பாடங்களையும் ஒரே மூச்சில் திருப்பிய மாதிரியும் இருக்கும்.

முதலில் மூலக்கூறு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதற்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். டிஎன்ஏவின் அச்சு இழையில் சிடிசி என்ற மூன்றெழுத்து சிஏசி ஆகிவிட்டால், தூது ஆர்என்ஏவில் ஜிஏஜி இருந்த இடத்தில் ஜியுஜி வருகிறது. குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்கார்கிறது. 146 அமினோ அமிலங்களுக்கான 438 எழுத்துகளில் மாறியது ஒன்றே ஒன்று. தேர்வில் பலர் அச்சு இழையின் எழுத்துகளையும் தூது ஆர்என்ஏவின் எழுத்துகளையும் கலந்து எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள், பிறகு குழம்பாது.

அந்த ஓர் எழுத்து என்ன செய்துவிடும்? குளுட்டாமிக் அமிலம் நீரோடு இணங்கிப் போகும், வாலின் நீரை விலக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வாலின் ஏறிய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டத் தட்டு போன்ற சிவப்பணு அறுவடை அரிவாள் போல வளைந்து விறைக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் அது அடைத்துக்கொள்ளும்போதுதான் அந்தத் தம்பிக்கு வலி வருகிறது. சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். வளைந்த அணுவோ 10 முதல் 20 நாளிலேயே அழிகிறது, அதனால் இரத்தசோகை. வலி, சோகை, மண்ணீரல் பழுது என்று ஒரே மரபணு பல இடங்களில் தன்னைக் காட்டுகிறது. பல்பண்புக் கூறுதன்மை என்று நீங்கள் வரையறை எழுதுவது இதைத்தான்.

இனி மெண்டல். தாயும் தந்தையும் மாறிய அல்லீல் ஒன்று மட்டும் உள்ள கடத்திகள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு கால்பங்கு, கடத்தியாகும் வாய்ப்பு அரைப்பங்கு, இரண்டும் இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு கால்பங்கு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது" என்று எழுதிய விடைத்தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி நம்பிய பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பிறப்பும் புதிதாகச் சுண்டும் காசுதான், முன்பு விழுந்த பக்கம் அதற்குத் தெரியாது. மெண்டலின் பட்டாணிகூட சின்ன எண்ணிக்கையில் 3:1 காட்டவில்லை. இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை என்று எண்ணிக் குவித்த பிறகே அந்த விகிதம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

ஓங்குதன்மையை நான் முதன்முதலில் சரியாகப் புரிந்துகொண்டதும் இந்த நோயிடம்தான். நோய் வருமா வராதா என்று பார்த்தால் இந்த அல்லீல் ஒடுங்கியது, இரண்டு இருந்தால்தான் நோய். கடத்தியின் இரத்தத்தை ஆக்சிஜன் இல்லாத நிலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கும் அணுக்கள் வளைகின்றன, அந்த அளவில் அது முழுதாக ஒடுங்கியதல்ல. புரதத்தையே பிரித்துப் பார்த்தால் சாதாரண ஹீமோகுளோபினும் மாறிய ஹீமோகுளோபினும் இரண்டுமே இருக்கின்றன, அங்கே அது இணை ஓங்குதன்மை. ஆக, ஓங்குதன்மை என்பது அல்லீலின் பிறவிக்குணம் அல்ல, நாம் எந்த அளவில் நின்று பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது. ஓங்கிய அல்லீல்தான் ஊரில் அதிகம் இருக்கும் என்ற தவறான எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து ஹார்டி–வீன்பெர்க். 1908இல் வந்த அந்தச் சமன்பாட்டைக் கண்டாலே பலருக்குக் கசப்பு. ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே இந்த அல்லீலின் நிகழ்வெண் 0.1, சாதாரண அல்லீலினுடையது 0.9. 0.9இன் வர்க்கம் 0.81. இரண்டையும் பெருக்கி இருமடங்காக்கினால் 0.18. 0.1இன் வர்க்கம் 0.01. நூறு பேரில் ஒருவர்தான் நோயாளி, 18 பேர் கடத்திகள். அந்த நூறு பேரிடம் உள்ள 20 கதிர் அரிவாள் அல்லீல்களில் 2 மட்டுமே நோயாளியிடம், மீதி 18 நோயே இல்லாதவர்களிடம். இயற்கைத் தேர்வின் கண்ணில் படாமல் ஓர் அல்லீல் எப்படி ஒளிந்திருக்க முடியும் என்று இந்தக் கணக்கு காட்டுகிறது.

மாணவியின் கேள்விக்கு இது பாதி விடைதான். ஒளிந்திருந்தாலும் தலைமுறைக்குத் தலைமுறை அந்த இரண்டு அல்லீல்கள் கழிந்துகொண்டே வந்தால், காலப்போக்கில் அது அருகிப் போக வேண்டும். சில ஊர்களில் அப்படி அருகவே இல்லை. அங்கே அதைத் தாங்கிப் பிடித்தது எது?

தலசீமியா என்ற வேறோர் இரத்த நோய் மலேரியா உள்ள நாடுகளில் அதிகம் இருப்பதைப் பார்த்து, கடத்திகளுக்கு மலேரியாவிடமிருந்து காப்பு கிடைக்கலாம் என்று 1949இல் சொன்னவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். கதிர் அரிவாள் விஷயத்தில் அதைக் காட்டியவர் அந்தோணி அலிசன். கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையோரமும் விக்டோரியா ஏரிக்கரையிலும் கடத்திகள் நிறைய இருந்தார்கள், மலேரியா குறைந்த உயர்ந்த மேட்டு நிலத்தில் மிகக் குறைவு. கடத்திகளுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு இருப்பதை அவர் 1954இல் வெளியிட்டார். ஒட்டுண்ணி புகுந்த கடத்தியின் சிவப்பணு எளிதில் வளைகிறது. மண்ணீரல் அதை உள்ளே இருக்கும் ஒட்டுண்ணியோடு சேர்த்து அகற்றிவிடுகிறது.

அப்படியானால் அந்த ஊர்களில் சாதாரண அல்லீல் இரண்டு உள்ள குழந்தைகளில் பலர் மலேரியாவில் இறந்தார்கள், மாறிய அல்லீல் இரண்டு உள்ளவர்கள் சோகையில் இறந்தார்கள், இரண்டும் கலந்தவர்கள் தப்பினார்கள். தப்பியவர்களின் பிள்ளைகள் வழியே அந்த அல்லீல் தங்கிவிட்டது. மலேரியாவைத் தடுப்பதற்காக இந்தத் திடீர் மாற்றம் உண்டானது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாற்றம் தற்செயலாக நிகழ்ந்தது, அதைத் தங்க வைத்தது சூழல். இதை எழுதும்போது "தனி உயிரி பரிணமிக்கவில்லை, இனக்கூட்டம்தான் பரிணமிக்கிறது" என்ற ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் விடைக்கு முதுகெலும்பு கிடைக்கும்.

இப்போது சூழியல். மலேரியாவைக் கொண்டுவருவது அனோஃபிலஸ் கொசு. 1897இல் ரொனால்டு ராஸ் விடுப்பில் உதகைக்கு வந்தபோது சீகூர் மலைச்சரிவில் மலேரியாவைத் தேடிப் போய், அவரே காய்ச்சலில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டார். ஒவ்வொரு கொசு இனத்துக்கும் தனிச் செயல்வாழிடம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் காட்டை அழித்து வேளாண்மை பரவியபோது வெயில் படும் சிறு குட்டைகள் பெருகின, அவற்றில் அனோஃபிலஸ் காம்பியே பெருகியது, மலேரியா ஊன்றியது, அதன் பின்னாலேயே கதிர் அரிவாள் அல்லீலும் உயர்ந்தது. ஃபிராங்க் லிவிங்ஸ்டன் 1958இல் முன்வைத்த விளக்கம் இது. ஒரு மண்வெட்டி நிலத்தை மாற்றியது. நிலம் கொசுவையும், கொசு மனிதனின் 11ஆம் குரோமோசோமில் எந்த எழுத்து நிலைக்கும் என்பதையும் மாற்றின.

நம் பக்கமும் அப்படித்தான். வயநாடும் கூடலூரும் சேர்ந்த மலையடிவாரம் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன இடம். மலை ஓடைகளில் வளரும் அனோஃபிலஸ் ஃப்ளூவியாட்டிலிஸ் அங்கே நோயைப் பரப்பியது. இந்தியாவில் கதிர் அரிவாள் பண்பு முதன்முதலில் பதிவானதும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்; ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952இல் அதை அறிவித்தார்கள். என் மாணவி அந்த மலையின் பிள்ளை. அவள் கேட்ட கேள்விக்கான விடை அவளுடைய ஊரின் ஓடைகளிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அதைப் பாடப்புத்தகத்தின் வேறொரு பக்கத்தில் தேடச் சொல்லிவிட்டேன்.

மரபியல் வேறுபாட்டைப் பிறப்பிக்கிறது, சூழல் அதைச் சலிக்கும் சல்லடை, சலித்துச் சலித்துக் காலம் சேர்த்துவைத்த கணக்கு பரிணாமம். மூன்றும் ஒரே வேலையின் மூன்று பகுதிகள். ஒரு மரபணு நல்லதா கெட்டதா என்று அதை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. எந்த ஊரில், எந்தக் காலத்தில், எந்தக் கொசுவின் நடுவே என்று கேட்டாக வேண்டும். தகுதி என்பது உயிருக்கும் அது வாழும் இடத்துக்கும் இடையே உள்ள உறவு. நான் உங்களிடம் சேர்க்க நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

இதைப் பிடித்துக்கொண்டு திருப்புதல் செய்யும் முறையையும் சொல்கிறேன். தினமும் ஒரு வெற்றுத் தாள் எடுங்கள். நடுவே ஓர் உயிரின் பெயரை எழுதுங்கள். அதைச் சுற்றி மூன்று கேள்விகள்: இதில் வேறுபாடு எங்கிருந்து வந்தது? எது அதைத் தேர்ந்தெடுத்தது? அது எந்த உறவுகளுக்கு நடுவே வாழ்கிறது? புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அடுத்த நாள் முதலில் பார்க்க வேண்டியது அந்த வேறு நிற வரிகளைத்தான். ஐந்து முறை அடிக்கோடிட்டு வாசிப்பதைவிட ஒருமுறை இப்படி எழுதிப் பார்ப்பது மனத்தில் நிற்கும்.

தொடங்கிவைக்க மூன்று பெயர்கள் தருகிறேன்.

கரும்பு. நாம் கடித்துத் தின்னும் தடித்த கரும்பு இனிப்பானது, ஆனால் வலுவற்றது. அதன் உறவான மெலிந்த காட்டுக் கரும்பில் இனிப்பில்லை, தாங்குதிறன் உண்டு. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் இரண்டையும் கலந்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். அதே நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள்; 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். கலப்பினம், பன்மடியம், காட்டு உறவினங்களைக் காக்க வேண்டிய காரணம் என்று தாவரவியல் புத்தகத்தில் வெவ்வேறு பாடங்களில் கிடப்பவை இங்கே ஒரே தாளில் சேரும்.

நீலகிரி வரையாடு. நம் மாநில விலங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில் மட்டும் வாழ்வது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு கூட்டம், தெற்கே வேறு கூட்டம். நடுவே உள்ள தாழ்நிலத்தை அது கடப்பதில்லை. அப்படியானால் மரபணு ஓட்டம் என்ன ஆகும்? கூட்டம் சிறியதானால் மரபணு நகர்வு என்ன செய்யும்? ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வாட்டில் மரம் புல்வெளிக்குள் பரவும்போது வரையாட்டின் மேய்ச்சல் நிலம் என்னாகும்? புவியமைப்பால் வரும் தனிமை, அயல் இனப் படையெடுப்பு, சோலைக்காடு எல்லாம் இங்கே வந்துவிடும்.

பாறு கழுகு. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, இறந்த மாட்டின் சதை வழியே கழுகின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. காரணம் 2004இல் தெரியவந்தது, 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. அதற்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட கழுகுகள் போய்விட்டன. மிஞ்சியவற்றில் ஒரு கூட்டம் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இது ஏன் எலியைப் போல வேகமாக மீண்டு பெருகவில்லை? பிணந்தின்னி இல்லாத உணவு வலையில் எது நிரம்பி வழியும்? இனக்கூட்ட வளர்ச்சிப் பாடம் வரைபடக் கோடாக இல்லாமல் சிறகோடு உங்கள் முன் நிற்கும்.

ஒரு மதிப்பெண் வினாக்களுக்கும் புத்தகப் பின்பக்க வினாக்களுக்கும் நேரம் ஒதுக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நூல் இல்லாமல் பூக்களை மட்டும் சேர்த்தால் தேர்வறையில் பதற்றம் வரும்போது எல்லாம் கொட்டிவிடும். நூலில் கோத்தவை ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றவையும் வரும்.

உங்களில் யாரேனும் கடத்தியாக இருக்கலாம், யாருடைய தம்பி தங்கையோ நோயோடு வாழலாம். அவர்களுக்குத் தனியே ஒரு சொல். பாடப்புத்தகத்தில் "குறைபாடு" என்ற தலைப்பின் கீழ் உங்கள் இரத்தத்தைப் பார்க்கும்போது தலை குனியாதீர்கள். உங்கள் முன்னோர் மலேரியாக் காட்டில் பிழைத்து வந்ததன் எழுத்துச் சான்று அது. அதற்காக இன்றைய வலி சின்னதாகிவிடாது. கொசுக்காய்ச்சல் குறைந்த ஊரில் அந்தப் பாதுகாப்பால் கிடைக்கும் பயன் குறைந்துவிட்டது, நோயின் சுமை மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் பரிசோதனையும் மருத்துவமும் தேவை. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய கதிர் அரிவாள் நோய் ஒழிப்பு இயக்கம், 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. உங்கள் ஊரில் முகாம் போட்டால் வீட்டாரை அழைத்துப் போங்கள். நான்கு கட்டங்கள் கொண்ட அந்தப் புன்னெட் சதுரத்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வரைந்து காட்டுங்கள். நீங்கள் எழுதப்போகும் எந்தத் தேர்வையும்விட அந்த விளக்கம் முக்கியமானது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படிக்கும்போது பாடத்துக்குள் அடங்காத கேள்வி வந்தால், "இது சிலபஸில் இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஆசிரியர் "அது அப்புறம் வரும்" என்று சொன்னால், அப்புறம் வரும்போது எழுந்து நினைவூட்டுங்கள். எனக்கும் ஒருமுறை அப்படி யாராவது நினைவூட்டியிருக்கலாமே என்று இன்றும் ஏங்குகிறேன். கேட்டவள் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிட்டாள், அவளை உட்கார வைத்தது என் சொல்தான்.

அம்மா, எங்கே இருந்தாலும் இதைப் படித்தால் தெரிந்துகொள். நீ கேட்ட ஜீனை இயற்கை மறந்துபோய் விட்டுவைக்கவில்லை. உங்கள் மலையில் ஓடை இருந்தது, ஓடையில் கொசு இருந்தது, கொசுவிடம் காய்ச்சல் இருந்தது. அந்தக் காய்ச்சலில் குழந்தைகளைக் காப்பாற்றியதால் அந்த ஜீன் அங்கே தங்கியது. அதன் விலையை உன் தம்பி கொடுத்துக்கொண்டிருந்தான். மூன்று பாடமும் சேர்ந்த விடை இதுதான். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளைகளே, நன்றாக எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்